வட்டமா பெட்டியா என்று கேட்ட மகனுக்கு

உன்னைப் படைத்தவன் உன்னைக் காக்கட்டும், மகனே. போன வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உன் அழைப்பு வந்தது. சுகம் விசாரித்தாய், உம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டாய், பிறகு சிரித்துக்கொண்டே, "வாப்பா, உங்கட தொழில்ல ஒரு சந்தேகம்" என்று தொடங்கினாய். உன் கம்பனி மாவு அரைக்கும் ஆலை ஒன்றில் தூசி உறிஞ்சும் குழாய் போடப்போகிறது. கூரை தாழ்வு. வட்டக் குழாய் போட்டால் கூரைச் சட்டத்தில் இடிக்கும், தகட்டை நாலு பக்கமாக மடித்த பெட்டி டக்ட் என்றால் தட்டையாக அடியால் போய்விடும். ஆலைக்காரர்களும் பெட்டியைத்தான் கேட்கிறார்கள். "நீங்க எண்டா என்ன வாப்பா செய்வீங்க?" என்று கேட்டாய். லைன் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்திருப்பாய். அது வெட்டுப்படவில்லை. நான்தான் அணைத்தேன். அதற்குப் பிறகு நீ மூன்று முறை எடுத்தும் நான் பேசவில்லை.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வட்டமாகப் போடு. குளிர்க் காற்றை மட்டும் கொண்டுபோகும் டக்ட் பெட்டியாக இருந்தால் குற்றமில்லை, நானே பதினாறு வருடம் அதைத்தான் செய்தேன். வெறும் காற்று மூலையில் கொஞ்சம் தயங்கும், அவ்வளவுதான். தூசியைச் சுமந்துகொண்டு போகும் காற்று அப்படியல்ல. மூலைக்கு வந்ததும் அதன் வேகம் செத்துவிடும், சுமந்து வந்ததை அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விடும். நாலு மூலையிலும் நாளுக்கு நாள் அது ஏறும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்குப் பளபளவென்று தகடுதான் தெரியும். வட்டத்துக்குள் விசிறியின் இழுவை சரியாக இருந்தால் தூசி ஒதுங்கி நிற்க இடமில்லை. இன்னொன்று, பெட்டியின் தட்டையான பக்கங்கள் விசிறி இழுக்கும்போது உள்வாங்கி வெளித்தள்ளித் துடித்துக்கொண்டே இருக்கும். வட்டம் தன் வளைவாலேயே தாங்கிக்கொள்ளும். கூரையில் இடித்தால் சுவருக்கு வெளியால் கொண்டுபோ. அதுவும் முடியாதென்றால் ஒரு பெரிய வட்டத்துக்குப் பதிலாக இரண்டு சிறிய வட்டம் போடு. அதற்கும் மாட்டோம் என்றால் உன் கையெழுத்தை வைக்காதே. வேலை போனால் போகட்டும், ஊருக்கு வா. உன் அளவுக்குப் படிக்காத நான் இதை இவ்வளவு திடமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உனக்கு நான் ஒன்பது வருடமாகச் சொல்லாத காரணம்.

நஸீர் சாச்சாவை உனக்குத் தெரியும். ஓட்டமாவடிப் பாலத்தடியில் சின்னப் பெட்டிக்கடையில் குந்திக்கொண்டிருக்கும் நஸீர். இரண்டு கையிலும் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு பிளேன்டீக் கோப்பையைக்கூட உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத்தான் தூக்குவான். உனக்குத் தெரியாத நஸீரைச் சொல்கிறேன். நான் வேலைக்குப் போயிருந்த அந்த வெளிநாட்டில் நானும் அவனும் பதினொரு வருடம் ஒரே அறையில், மேல்கட்டில் கீழ்கட்டிலாகக் கிடந்தவர்கள். எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது வேலைக்குப் போகாமல் நின்று கஞ்சி காய்ச்சித் தந்து சம்பளத்தில் வெட்டு வாங்கியவன். நீ பிறந்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவன் லீவில் ஊரில் நின்றான். உன் வலக்காதில் பாங்கு சொன்னது அவன்தான். உம்மா எனக்கு அதைப் போனில் சொன்னபோது நான் அழுதேன்.

நாங்கள் இரண்டு பேரும் டக்ட் அடிக்கும் வேலை. ஆனால் எனக்குக் கிடைத்ததெல்லாம் பெரிய கடைத்தொகுதிகளும் ஹோட்டல்களும். பொய்க்கூரைக்கு மேலே தட்டைப் பெட்டி, குளிர்க் காற்று, முடிந்தது. நஸீரை இடையில் மூன்று வருடம் ஒரு மரத்தளபாடத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். அங்கே அவன் தூசிக் குழாய் போட்டான், எல்லாமே வட்டம். அறைக்கு வந்து அதைப் பற்றிப் பேசுவான். நான் அரைக் காதால்தான் கேட்பேன். என் கையிலிருந்தது உயர்ந்த வேலை, அவனுடையது மரத்தூள் வேலை என்று எனக்குள் ஒரு நினைப்பு. இந்த நினைப்பைக் குறித்து வைத்துக்கொள். மிச்சமெல்லாம் அதிலிருந்துதான் முளைத்தது.

ஊருக்கு வந்து நான் பட்டறை போட்டேன். தகடு மடிக்கும் மெஷின் ஒன்றை அங்கிருந்து கொண்டுவந்திருந்தேன். அது நேர்க்கோட்டில் மடிக்கும், வட்டமாகச் சுருட்டாது. நஸீரும் வந்து என்னோடு சேர்ந்துகொண்டான். நீ உயர்தரம் படித்துக்கொண்டிருந்த வருடம் பக்கத்து ஊர் அரிசி ஆலை ஒன்றிலிருந்து வேலை வந்தது. எந்த ஆலை என்று இங்கே எழுதமாட்டேன், அது இப்போது வேறு கையில். தவிட்டுத் தூசி பறந்து வேலையாட்களுக்கு இருமல், அதை உறிஞ்சிப் பின்பக்க அறைக்குத் தள்ள வேண்டும். பழைய ஆலை, கூரைச் சட்டம் தாழ்வு. நானும் நஸீரும் போய் அளந்தோம். அளந்துகொண்டு நிற்கும்போதே நஸீர் சொன்னான்: "மச்சான், இது தூசி. பெட்டி சரிவராது. வட்டமா உருட்டி எடுப்பம், சுவத்துக்கு வெளியால கொண்டுபோவம்."

"உருட்டுற மெஷின் எங்க இரிக்கி?" என்றேன்.

"இல்லாட்டி மட்டக்களப்புல உருட்டி எடுப்பம். ரெண்டு கிழமை பிந்தும், அவ்வளவுதானே."

ஆலை முதலாளி பக்கத்தில் நின்றார். அவருக்கு முன்னால் என் ஆள் எனக்குத் தொழில் சொல்லித் தருவதா என்று எனக்கு உறைத்தது. "நஸீர், நான் போட்ட டக்டுக்குக் கீழ மந்திரிமார் இருந்து சாப்பிட்டிரிக்காங்க. காத்து எங்க போனாலும் காத்துதான்" என்றேன். முதலாளி சிரித்தார். நஸீரும் சிரித்துவிட்டு டேப்பைச் சுருட்டினான். அன்றைக்கே பெட்டி என்று முடிவாயிற்று. கூரை தாழ்வாக இருந்ததா? இருந்தது. மெஷின் இல்லையா? இல்லை. ஆனால் உண்மையான காரணம் இரண்டுமல்ல. அவன் சொன்னதைச் செய்ய எனக்கு மனமில்லை.

டக்ட் அழகாகத்தான் இருந்தது. இரண்டு மாதத்தில் சத்தம் தொடங்கியது. தட்டைப் பக்கங்கள் அதிர்ந்து ஆலை முழுக்க இரைச்சல், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து சண்டை. முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். பக்கவாட்டில் இரும்பு ஆங்கிள் வைத்து வெல்ட் பண்ணி இறுக்கினால் துடிப்பு நிற்கும் என்று சொன்னேன். நஸீர் ஏணி வைத்து ஏறி, துப்புரவுக்கு விட்ட சின்னக் கதவைத் திறந்து கையை விட்டுப் பார்த்தான். முழங்கை வரைக்கும் தவிட்டு மாவோடு கை வெளியே வந்தது. இறங்கி வந்து அந்தக் கையை என்னிடம் நீட்டினான். "மச்சான், மூலை முழுக்க அடைஞ்சி கிடக்கு. இதுக்கு மேல நெருப்பு வைக்கேலாது. ஒரு நாளைக்கு மில்ல நிப்பாட்டிக் கழட்டித் துப்புரவாக்கிப்போட்டு மறுகா வெல்ட் பண்ணுவம்."

நான் முதலாளியிடம் போனேன். அவர் கதவடியில் நின்று லொறியைக் காட்டினார். "வயல் வட்டையில வெட்டுத் தொடங்கீட்டு. நெல்லு வந்து நிக்கி. ஒரு நாள் நிப்பாட்டினா இதெல்லாம் எங்க கொட்டுற? சாப்பாட்டு நேரம் அரை மணித்தியாலம் தாறன், முடிங்க." திரும்பி வந்து நஸீரிடம் சொன்னேன். அவன் மாட்டேன் என்றான். அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வெளிப்பக்கம்தானே வெல்ட் பண்றாய். பயம் எண்டா வீட்ட போ, நான் வேற ஆளப் பாக்கன்." அவன் முகக்கவசத்தை எடுத்துக்கொண்டு ஏறினான். அவன் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும், எனக்கு அது தெரியும். தெரிந்துதான் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

நாலு பொட்டு வெல்ட் வைத்திருப்பான். அரை மணி முடிந்துவிட்டது. அவன் இன்னும் ஏணியில் நிற்க, முதலாளி சுவிட்சடியிலிருந்து, "போடட்டா?" என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லையே என்று நான் கையைக் காட்டினேன். உள்ளே மூலையில் தவிடு கனன்றுகொண்டு கிடந்திருக்கிறது. விசிறி காற்றை இழுத்ததும் அது பற்றியது. சின்னக் கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது. நெருப்பு ஒரே வீச்சில் அவன் முகத்துக்கும் கைக்கும் வந்தது. பிறகு எனக்கு ஞாபகமிருப்பது முற்றத்தில் அவனை ஆட்டோவில் ஏற்றியது. அவனுடைய சட்டைக் கை தோலோடு சேர்ந்து போயிருந்தது.

ஆஸ்பத்திரி விறாந்தையில் பொலிஸ் வந்து கேட்டார்கள். முதலாளி என் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தார், என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு. நான் சொன்னேன்: "நான் அவடத்த இருக்கல்ல சேர். ஆணி வாங்கக் கடைக்குப் போயிருந்தன். வெல்ட் பண்ணச் சொல்லியும் இல்ல. அவராத்தான் ஏறினவர்." ஒரு தடவைகூட நாக்குத் தடுமாறவில்லை. எழுதினார்கள், வாசித்தார்கள், கையெழுத்து வைத்தேன். முதலாளியும் அதையே சொன்னார். தன்பாட்டில் ஏறினவன் என்று எழுதப்பட்டதால் அவனுக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டிய நட்டஈடு கிடைக்காமல் போனது.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நீ கேட்பாய். மறியலில் அடைத்துவிடுவார்களோ என்ற பயம், உன் உயர்தரச் சோதனை, பட்டறை என்று ஒன்பது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மற்றப் பாதியை உன்னிடம்தான் முதன்முதலில் சொல்கிறேன். அவன் சொன்னது சரியாகிப் போய்விட்டது என்ற கோபம். கூட்டாளி எரிந்து கிடக்கும்போது எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. மனிதனுக்கு இப்படியும் வருமா என்று நினைக்காதே. எனக்கு வந்தது.

ஊர் தன் பங்குக்கு ஒரு சிகரட்டையும் சேர்த்தது. நஸீர் புகைப்பவனே இல்லை. ஆனாலும் டக்டுக்குப் பக்கத்தில் சிகரட் பற்றவைத்தான் என்று கதை போனது. ஒருநாள் நீ டியூசன் முடிந்து வந்து, நஸீர் சாச்சாவின் மகள் வகுப்பில் அழுததாகவும், நீ அவளிடம், "உங்கட வாப்பா கவனமா இருந்திருக்கணும்" என்று சொன்னதாகவும் உம்மாவிடம் சொன்னாய். நான் அடுத்த அறையில் இருந்தேன். எழுந்து வந்து உன்னைத் திருத்தவில்லை. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு டியூசனுக்கு வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நீ வெளிநாடு போன அன்று நஸீர் வழியனுப்ப வந்தான். கையை நீட்டினான். நீ அந்தக் கையைப் பார்த்துத் தயங்கிவிட்டுத் தலையை ஆட்டினாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. என் வாயிலிருந்த பொய்தான் உன் கையைப் பிடித்து வைத்தது.

நஸீரின் பெண்சாதி ஹபீபா ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தரம் நம் வீட்டுக்கு வந்தாள். உம்மாவிடம், "ராத்தா, எனக்கு வேற ஒண்டும் வேணாம். உங்கட மாப்புள இவர ஏறச் சொன்னாரா இல்லையா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றாள். உம்மா உள்ளே வந்து என்னைக் கேட்டாள். இல்லை என்றேன். உம்மா போய் இல்லை என்றாள். அன்றிலிருந்து ஹபீபாவின் வீடிருக்கும் ஒழுங்கையால் உம்மா நடப்பதில்லை. ஒரு நல்ல மனிதன் மேல் பழி சொல்ல வந்தவள் என்று உம்மாவுக்கு அவள் மேல் கோபம்.

உன் அழைப்பை அணைத்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உம்மா கேட்டாள், "புள்ள என்ன சொன்னான், முகமெல்லாம் கறுத்துப் போச்சு?" சொன்னேன். உன் கேள்வியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, ஏசவில்லை. புர்காவைப் போட்டுக்கொண்டு, அந்த முழங்காலோடு, ஒன்பது வருடமாகப் போகாத ஒழுங்கையால் நடந்து ஹபீபா வீட்டுக்குப் போனாள். பொழுது சாய்ந்து மஃரிபுக்குத் திரும்பி வந்தாள். "அவ எனக்குத் தண்ணி தந்தா. குடிக்க ஏலல்ல" என்றாள். பிறகு, "நான் உங்கட பொய்ய என்ட வாயால சொல்லியிருக்கன். அதுக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள். இன்றைக்கும் அவள் எனக்குச் சோறு போட்டு வைக்கிறாள், பக்கத்தில் இருப்பதில்லை.

அடுத்த நாள் நான் நஸீரிடம் போனேன். கடையில் யாருமில்லை. என்னைக் கண்டதும், "என்ன மச்சான், இந்தப் பக்கம்?" என்றான். அவன் என்னை இன்னும் மச்சான் என்று கூப்பிட்டது எனக்கு அடி விழுந்தது போல இருந்தது. நின்றபடியே சொன்னேன்: "நஸீர், நான்தான் ஏறச் சொன்னன். நீ சரியாச் சொன்னாய், நான் கேக்கல்ல. பொலிசுக்கும் பொய் சொன்னன்."

அவன் சாமான் அடுக்கியிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எனக்கிட்ட ஏன் இதச் சொல்றாய்? நான் அவடத்த இருந்தவன்தானே. எனக்குத் தெரியாததா? தெரியாதவங்களுக்குப் போய்ச் சொல்லு."

"ஏன் இவ்வளவு நாளும் நீ ஒருத்தருக்கும் சொல்லல்ல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சொன்னன். ஆஸ்பத்திரியில சொன்னன், பள்ளிவாசல்ல சொன்னன். கை வெந்தவன் பழிய ஆருக்காவது போடப் பாக்கான் எண்டாங்க. நீ வெள்ளச் சாரனும் தொப்பியுமா முன் வரிசையில நிண்டாய். மறுகா சொல்றத உட்டுட்டன்."

அதனால்தான் இந்தக் கடிதத்தை ஒட்டவில்லை. இது உனக்கு எழுதியது, ஆனால் நீ மட்டும் வாசிப்பதற்கல்ல. ஒரு பிரதி பள்ளிவாசல் தலைவருக்குப் போகிறது, வருகிற ஜும்ஆவுக்குப் பிறகு வாசிக்கக் கேட்டிருக்கிறேன். ஒன்றைப் பொலிசில் கொடுத்து என் பழைய வாக்குமூலம் பொய் என்று எழுதித் தரப்போகிறேன். பிறகு வருவது வரட்டும். உன் பெயருக்கு இழுக்கு வரும், உனக்குப் பேசிக்கொண்டிருக்கிற சம்பந்தமும் நின்றுபோகலாம். அதற்கு என்னை மன்னிக்கும்படி கேட்கமாட்டேன். நீ அந்தப் பிள்ளைக்குச் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன். அவள் இப்போது ஏறாவூரில் வாழ்க்கைப்பட்டு, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள்.

இவ்வளவோடு முடித்திருந்தேன். அனுப்புவதற்கு முன் நஸீருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று இன்று காலை அவன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவன் கட்டிலில் இருந்தான், ஹபீபா வாசலில் நின்றாள். தொடக்கத்திலிருந்து வாசித்தேன். முடிந்ததும் நஸீர், "நெருப்பு வந்த நேரம் நீ எங்க நிண்டாய் எண்டு எழுதல்லையே மச்சான்" என்றான். "ஆட்டோவில ஏத்தினதுக்குப் பாஞ்சிட்டாய். நடுவுல ஒண்டு கிடக்கு. அதையும் எழுது."

அவன் வீட்டிலேயே, அவன் முன்னாலேயே இருந்து எழுதுகிறேன், மகனே. ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். சீமெந்துத் தரை வழுக்கும், விட்டுடாத மச்சான் என்று சொல்லித்தான் அவன் ஏறினான். கதவு பிய்ந்த சத்தத்தில் நான் ஏணியை விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினேன். ஏணி சறுக்கியது. அவன் கீழே விழவில்லை. விழுந்திருந்தால் முகத்துச் சூட்டோடு போயிருக்கும், விரல்கள் மிஞ்சியிருக்கும். எரிந்துகொண்டிருந்த தகட்டையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்கினான். அந்த விரல்கள் ஒட்டியது அப்படித்தான். அவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. இரண்டு தரம் கேட்டது. நான் உள்ளே போகவில்லை. ஆலையில் தவிடு கூட்டும் ஒரு பெண்தான் ஏணியை நிமிர்த்தி அவனை இறக்கினாள். அவளிடம் பொலிஸ் ஒன்றும் கேட்கவில்லை, நானும் அவளைக் கேட்கச் சொல்லவில்லை.

இந்தக் கடைசி வரிகளை வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். அங்கே எழுதியதை நஸீருக்கு வாசித்துக் காட்டினேன். "இப்ப சரி, அனுப்பு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தாள்களை மடித்துக்கொண்டு சலாம் சொன்னேன், பதில் சொல்வது கடமையான சலாம். அவனும் பதில் சொல்லவில்லை, ஹபீபாவும் பதில் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.